போர்டு வாங்கப் போகும் ஹாம் மாணவர்களுக்கு



அமெச்சூர் வானொலிக்கான ஏ.எஸ்.ஓ.சி. தேர்வில் தேறி, வி.யு.3 என்று தொடங்கும் அழைப்புக் குறி கைக்கு வந்ததும், கல்லூரி ஹாம் கிளப்புகளில் அடுத்த பேச்சு என்ன வாங்குவது என்பதாகத்தான் இருக்கிறது. நிர்வாகம் கொஞ்சம் நிதி ஒதுக்கியிருக்கும். பட்டியலின் முதல் வரியில் "ராஸ்பெரி பை 5" என்று எழுதி, எதிரே எண்ணிக்கையும் போட்டுவிட்டு, "சரிதானே சார்?" என்று கேட்கிறீர்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எல்லோருக்கும் சேர்த்தே எழுதிவிடுகிறேன். சரியில்லை.

அந்த போர்டு மோசம் என்று சொல்ல வரவில்லை. 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓடும் நான்கு கோர்கள், வேண்டிய அளவு நினைவகம், முழு லினக்ஸ் எல்லாம் அதில் இருக்கிறது. ரோபோ செய்கிறவர்களும் கேமரா வைத்து முகம் அடையாளம் காண்கிறவர்களும் தாராளமாக வாங்கட்டும். நம் மேசையில் நிலைமை வேறு. குறும் அலையில் எஸ்9 என்று மீட்டர் காட்டும் பலமான சிக்னலே ரிசீவரின் வாசலில் வெறும் 50 மைக்ரோவோல்ட்தான். நாம் ராத்திரி கண்விழித்துத் தேடுகிற சிக்னல்களெல்லாம் அதற்கும் பல படி கீழே கிடப்பவை. அப்படிப்பட்ட ரிசீவருக்குப் பக்கத்தில், 3.3 வோல்ட்டை நொடிக்குக் கோடிக்கணக்கான தடவை ஏற்றி இறக்குகிற ஒரு பொருளைக் கொண்டுபோய் வைக்கிறோம். அதிலிருந்து நீளும் ஒவ்வொரு வயரும் அதற்கு ஆன்டெனா. கணிப்பொறி போர்டு என்பது நமக்கு, உரிமம் வாங்காத ஒரு டிரான்ஸ்மிட்டர். ஆகவே வேலையைச் செய்து முடிக்கக்கூடிய போர்டுகளில் மிகச் சிறியது எது என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

வேலை எவ்வளவு பெரியது என்பதைக் கணக்குப் போட்டே கண்டுபிடிக்கலாம். மோர்ஸ் கீயரை எடுத்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு 20 சொல் வேகத்தில் ஒரு டிட்டின் நீளம் 60 மில்லிசெகண்ட். 16 மெகாஹெர்ட்ஸில் ஓடும் ஆர்டுயினோ ஊனோவுக்கு அந்த 60 மில்லிசெகண்டில் கிட்டத்தட்ட பத்து லட்சம் கடிகாரத் துடிப்புகள் கிடைக்கின்றன. பேடில் அழுத்தப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, ஒரு பின்னை ஏற்றி இறக்கிவிட்டு, மீதி நேரமெல்லாம் அது சும்மா உட்கார்ந்திருக்கும். இந்த வேலைக்கு பை 5 வாங்குவது ஒரு டம்ளர் காபிக்குக் கல்யாண அடுப்பு மூட்டுகிற கதை. போதாததற்கு, லினக்ஸ் தன் சொந்த வேலைகளுக்கு நடுவில்தான் உங்கள் நிரலைக் கவனிக்கும். மெமரி கார்டில் எதையோ எழுதிக்கொண்டிருக்கும் கணத்தில் ஒரு டிட் சற்றே நீண்டுவிட்டால், எதிர்முனையில் கேட்கிறவர் காதுக்கு அது உடனே தெரியும்.

அடுத்தது விஸ்பர். 1993இல் இயற்பியல் நோபல் பெற்ற ஜோ டெய்லர் ஹாம்களுக்காக உருவாக்கிக் கொடுத்த முறை இது. அழைப்புக் குறி, இருப்பிடக் கட்டம், திறன் ஆகிய மூன்றை மட்டும் 162 குறியீடுகளாக மாற்றி, 110.6 நொடி நேரம் அனுப்ப வேண்டும். அதாவது முக்கால் நொடிக்கும் குறைவான இடைவெளியில் ஒரு தடவை, நான்கு அதிர்வெண்களில் ஒன்றுக்கு மாற வேண்டும். அவ்வளவுதான். எஸ்ஐ5351 என்ற சின்ன ஓசிலேட்டர் சிப்புக்கு இரண்டு வயரில் கட்டளை அனுப்பத் தெரிந்த எந்த போர்டும் இதற்குப் போதும்.

கேட்பது என்று வந்தால் கதை தலைகீழ். எஃப்டி8 என்ற எண்ம முறையை எடுத்துக்கொள்வோம். 15 நொடிக்கு ஒரு சுற்று. நொடிக்கு 12,000 மாதிரிகள் வீதம் ஒலியைப் பதிவு செய்தால் ஒரு சுற்றுக்கு 1,80,000 மாதிரிகள், மாதிரிக்கு இரண்டு பைட் என்றால் 360 கிலோபைட். ஊனோவில் இருக்கும் ரேம் மொத்தமே 2 கிலோபைட். அந்தப் பதிவுக்குள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் பல நிலையங்களைப் பிரித்தெடுத்து, பிழை திருத்தி, அடுத்த சுற்று தொடங்கும் முன் திரையில் காட்டவும் வேண்டும். அனுப்புவது சின்ன வேலை, கேட்பது பெரிய வேலை என்ற வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் பட்டியலில் பாதி தானாகவே தீர்ந்துவிடும்.

சின்ன சிப் என்றால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்.இ.டி. மின்ன வைப்பதற்கு என்ற எண்ணம் உங்களில் சிலருக்கு இருக்கிறது. ஊனோவிலும் நானோவிலும் இருக்கும் அதே ஏடிமெகா328பி சிப்பை வைத்துக்கொண்டு ஹாம்கள் என்ன செய்திருக்கிறார்கள் என்று பாருங்கள். ஹைதராபாத்தில் இருக்கும் அஷார் ஃபர்ஹான், வி.யு.2.இ.எஸ்.இ., வடிவமைத்த மைக்ரோ பிட்எக்ஸ் 3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரை வேலை செய்யும் டிரான்ஸ்சீவர். உலகம் முழுக்க அதைக் கட்டியிருக்கிறார்கள். அதன் மூளை ஒரு ஆர்டுயினோ நானோ, கூடவே ஒரு எஸ்ஐ5351. ஹான்ஸ் சம்மர்ஸ் 2017இல் வெளியிட்ட க்யூசிஎக்ஸ் என்ற சி.டபிள்யூ. கருவியிலும் இதே 328பிதான். டயல், கீயர், மோர்ஸைக் கேட்டு எழுத்தாக்குவது எல்லாவற்றையும் அந்த ஒரே சிப் பார்த்துக்கொள்கிறது. பிறகு நெதர்லாந்துக்காரர் கீடோ, அழைப்புக் குறி பி.இ.1.என்.என்.இசட்., அந்த க்யூசிஎக்ஸையே கொஞ்சம் மாற்றி, 2 கிலோபைட் ரேமுக்குள் எஸ்.எஸ்.பி. குரல் பரப்பலையும் நிரலாகவே எழுதிக் காட்டினார். மைக்ரோ எஸ்டிஎக்ஸ் என்று இன்று மலிவாகக் கிடைக்கும் கருவிகளுக்கெல்லாம் வேர் அதுதான். அந்த நிரலை ஒரு தடவை உட்கார்ந்து வாசியுங்கள். நாலு கோர் இல்லையே என்ற ஏக்கம் போய்விடும்.

ஆனால் இதே ஃபர்ஹான், சிக்னலைக் கணக்குகளால் பிரித்தெடுக்கும் எஸ்பிட்எக்ஸைச் செய்தபோது நானோவைப் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை, ராஸ்பெரி பை 4க்குப் போனார். அடுத்து வந்த சின்னக் கருவியான இசட்பிட்எக்ஸில் கணக்குகளுக்கு பை ஜீரோ 2 டபிள்யூ, முகப்புத் திரைக்கு ஒரு ராஸ்பெரி பை பிக்கோ என்று வேலையைப் பிரித்துக் கொடுத்தார். வேலை மாறியதால் போர்டும் மாறியது. இந்த வரிசையைவிட நல்ல பாடப்புத்தகம் உங்களுக்கு வேண்டியதில்லை.

போர்டைப் பற்றி இவ்வளவு யோசிக்கும் நீங்கள் கடிகாரத்தைப் பற்றி யோசிப்பதில்லை என்பது என் குறை. விஸ்பர் இரட்டைப்படை நிமிடம் பிறந்து ஒரு நொடி கழித்துத் தொடங்க வேண்டும். எஃப்டி8க்கும் உங்கள் கடிகாரம் ஒரு நொடிக்கு மேல் பிசகக் கூடாது. ராஸ்பெரி பையில் நான்காம் தலைமுறை வரை மின்சாரம் போனாலும் ஓடும் கடிகாரமே கிடையாது, ஐந்தில் உண்டு, ஆனால் பேட்டரியை நீங்கள்தான் தனியாக வாங்கி மாட்ட வேண்டும். வீட்டில் வைஃபை இருக்கும்வரை இது தெரியாது. இணையத்திலிருந்து நேரத்தை எடுத்துக்கொள்ளும். கொல்லிமலை உச்சிக்கு ஆன்டெனாவோடு போய், செல்போன் சிக்னலும் இல்லாத இடத்தில் ஸ்விட்சைப் போட்டால், திரையில் சிக்னல்கள் கோடு கோடாக இறங்கும், ஒன்றுகூட எழுத்தாகாது. ஒரு ஜி.பி.எஸ். மாட்யூல் வாங்கி வையுங்கள். நேரமும் தரும், இருப்பிடக் கட்டத்தையும் தரும்.

நொடிக்கு ஒரு தடவை அது கொடுக்கும் துடிப்பை வைத்து ஓசிலேட்டரையும் சரிபார்க்கலாம். அது எவ்வளவு அவசியம் என்று பாருங்கள். மலிவான எஸ்ஐ5351 போர்டில் இருக்கும் 25 மெகாஹெர்ட்ஸ் படிகம் பத்து லட்சத்தில் 10 பங்கு பிசகியிருந்தால், 14 மெகாஹெர்ட்ஸில் அது 140 ஹெர்ட்ஸ் பிழை. விஸ்பருக்கென்று ஒதுக்கிய சந்து மொத்தமே 200 ஹெர்ட்ஸ் அகலம். சந்தின் நடுவில் நிற்பதாக நினைத்துக்கொண்டு வெளியே நின்று கத்திக்கொண்டிருப்பீர்கள், யாருக்கும் கேட்காது. மின்விசிறிக் காற்று படிகத்தின் மேல் பட்டாலே அதிர்வெண் நகரும். வெப்பத்துக்கு ஈடுகட்டும் டிசிஎக்ஸ்ஓ படிகம் வைத்த எஸ்ஐ5351 போர்டு கொஞ்சம் விலை கூடுதல். அந்தக் கூடுதல் காசை நானோவிலிருந்து பைக்கு மாறுவதில் போடுவதைவிட இதில் போடுங்கள்.

சரி, ராஸ்பெரி பை எப்போதுதான் வாங்குவது? சொன்னேனே, கேட்கும் வேலைக்கு. ஆர்டிஎல் டாங்கிளைச் சொருகி அகலமான அலைப்பட்டையைப் பார்க்க, செயற்கைக்கோள்களைத் தானாகப் பதிவு செய்யும் சாட்நாக்ஸ் நிலையம் அமைக்க, டைர்வுல்ஃப் நிரலை ஓட்டி ஏபிஆர்எஸ் பொட்டலங்களைப் பிரிக்க, எஃப்டி8 இயக்க. சர்வதேச விண்வெளி நிலையத்தின் 145.825 மெகாஹெர்ட்ஸ் ஏபிஆர்எஸ் மறுபரப்பியைக் கேட்பதற்கு பை 4கூட வேண்டாம், பை ஜீரோ 2 டபிள்யூ தாராளம். 2021இல் அது வந்தபோது விலை 15 டாலர். ஆனால் பை வாங்கினால் பையோடு முடியாது. எந்த பையிலும் ஒலி உள்ளே போக வழி கிடையாது, ஹெட்போன் துளை உள்ள மாடல்களில் அது வெளியே வருவதற்கு மட்டும். ஆகவே யுஎஸ்பி சவுண்டு கார்டு ஒன்று வேண்டும். நம் ஊர் கரண்ட் போகிற அழகில் எழுதிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் போய் மெமரி கார்டு கெட்டுப்போகும். நிலையம் ஒழுங்காக ஓடத் தொடங்கியதும், கார்டில் எதுவும் எழுதாதபடி ஓவர்லே முறைக்கு மாற்றிவிடுங்கள்.

மின்சாரம் என்றதும் சொல்ல வேண்டிய முக்கியமான கணக்கு ஒன்று உண்டு. களத்துக்குத் தூக்கிப்போகும் 12 வோல்ட், 7 ஆம்பியர் ஹவர் பேட்டரியில் பாதியைத்தான் பயன்படுத்தலாம் என்று வைத்தால் 42 வாட் ஹவர். டாங்கிளோடு ஓடும் பை 4 நாலைந்து வாட் தின்னும், எட்டுப் பத்து மணி நேரத்தில் தீர்ந்துவிடும். இருபது மில்லிஆம்பியரில் ஓடும் நானோவுக்கு அதே பேட்டரி ஒரு வாரம் வரும். இதைவிடப் பெரிய விஷயம், 12 வோல்ட்டை 5 ஆக்குவது எப்படி என்பது. நானோ போன்ற சின்ன போர்டுக்கு ரிச்சி தெருவில் எந்தக் கடையிலும் கிடைக்கும் 7805 போதும். அது மிச்ச வோல்ட்டைச் சூடாக்கித் தள்ளும், துளி இரைச்சல் போடாது. பை 4க்கு ஒரு ஆம்பியர் வேண்டுமென்றால் 7805 ஏழு வாட்டைச் சூடாகக் கக்கும், தொட முடியாது. ஆகவே ஸ்விட்ச் செய்து குறைக்கும் பக் கன்வெர்ட்டருக்குப் போயே ஆக வேண்டும். அது குறும் அலை முழுக்கச் சீறும். பெரிய போர்டு தன் இரைச்சலோடு நிற்பதில்லை, தனக்குச் சோறு போடுகிறவனின் இரைச்சலையும் கூட்டிக்கொண்டு வருகிறது.

ஈஎஸ்பி32 பற்றி நிறையப் பேர் கேட்கிறீர்கள். வைஃபை வேண்டும் என்ற இடத்தில் அதற்கு நிகர் இல்லை. மொட்டை மாடியில் ஆன்டெனா சுழற்றியைக் கீழே இருந்து செல்போனில் திருப்ப, ரிலேக்களை மாற்ற, பேட்டரி அளவைப் பார்க்க அதையே வாங்குங்கள். லோரா சிப் சேர்த்த ஈஎஸ்பி32 போர்டு ஒன்று இருந்தால் டைனிஜிஎஸ் வலையில் சேர்ந்து சின்னச் செயற்கைக்கோள்களைக் கேட்கலாம், கல்லூரிக்கு அருமையான திட்டம். ஆனால் வாங்கும்போது அலைவரிசையைப் பாருங்கள். 915 மெகாஹெர்ட்ஸ் போர்டு அமெரிக்காவுக்கானது, இங்கே அதில் அனுப்பக் கூடாது. மறையாக்கம் செய்த செய்திகளை ஹாம் அலைவரிசையில் விடவும் கூடாது.

ஈஎஸ்பி32ஐ வைத்து எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் செய்யாதீர்கள், அல்லது செய்தால் அளவெடுக்கும் சிப்பைத் தனியாக வையுங்கள். அதற்குள் இருக்கும், மின்னழுத்தத்தை எண்ணாக்கும் மாற்றி பூஜ்ஜியத்துக்குப் பக்கத்திலும் உச்சத்திலும் நேர்கோட்டில் நடக்காது. நல்ல ஆன்டெனாவில் திரும்பி வரும் மின்னழுத்தம் பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில்தானே இருக்கும்? மீட்டர் எப்போதும் 1.0 என்று காட்டி உங்களைச் சந்தோஷப்படுத்திக்கொண்டே இருக்கும். வைஃபை ஓடும்போது அதன் அளவெடுக்கும் பின்களில் பாதி வேலையும் செய்யாது. ஏடிஎஸ்1115 என்ற 16 பிட் மாற்றியைச் சேர்த்தால் தொல்லை தீர்ந்தது.

எனக்குக் கொஞ்சம் பாரபட்சம் உண்டு, அது பிக்கோ பக்கம். 2021இல் 4 டாலருக்கு வந்தது. இரண்டு கோர், 264 கிலோபைட் ரேம். கேட்கும் வேலை பெரியது என்றேன் அல்லவா, அந்த வேலையின் ஓரத்தை இது தொட்டுவிடுகிறது. ஒலியை அப்படியே சேமிக்காமல் அதன் நிறமாலையை மட்டும் வைத்துக்கொண்டால் எஃப்டி8 சுற்று இந்த ரேமுக்குள் அடங்கிவிடும். மைய நிரலைத் தொந்தரவு செய்யாமல் பின்களைத் துல்லியமான தாளத்தில் ஆட்டும் பிஐஓ என்ற பகுதியும் இதில் உண்டு. அதைக் கொண்டு ரிசீவருக்கு வேண்டிய ஓசிலேட்டரையே போர்டுக்குள் உருவாக்கி, பிக்கோஆர்எக்ஸ் என்று ஒரு முழு ரிசீவர் செய்திருக்கிறார்கள். குறை இல்லாமல் இல்லை. அதன் மேல் இருக்கும் மின்னழுத்தச் சீராக்கியும் ஸ்விட்ச் செய்யும் ரகம். பளு குறைவாக இருக்கும்போது சிக்கனமாக, விட்டு விட்டு ஓடும், அளவுகளில் நடுக்கம் வரும். ஜிபிஐஓ 23ஐ மேலே ஏற்றி வைத்தால் அது தொடர்ந்து ஓடி நடுக்கம் குறையும். பிக்கோ டபிள்யூவில் அந்த வசதி வைஃபை சிப்பின் வழியாகத்தான்.

டீன்ஸி 4.1 என்று ஒன்று இருக்கிறது. 600 மெகாஹெர்ட்ஸ், அருமையான ஒலி நூலகம், லினக்ஸ் தொல்லை கிடையாது. சொந்தமாக எஸ்டிஆர் கட்டப்போகும் இறுதியாண்டுக்காரர் எவரேனும் இருந்தால் அவருக்கு மட்டும் ஒன்று வாங்கித் தாருங்கள். கிளப்புக்கு வேண்டாம், விலை கூடுதல்.

இரைச்சலுக்கு வருகிறேன். ஊனோவின் 16ஐ ஒன்பதால் பெருக்குங்கள், 144. பிக்கோவின் படிகம் 12, பன்னிரண்டால் பெருக்கினால் 144. யுஎஸ்பிக்கு வேண்டிய 48, மூன்றால் பெருக்கினால் 144. நம் இரண்டு மீட்டர் பட்டை தொடங்கும் எண் அது! ஊனோவில் 328பிக்குக் கொடுத்திருப்பது படிகம்கூட இல்லை, செராமிக் ரெசனேட்டர், ஆகவே அந்த ஒன்பதாம் மடங்கு ஓரிடத்தில் நிற்காமல் பட்டைக்குள் அலைந்துகொண்டிருக்கும். இதைக் காதால் கேட்டுப் பார்க்கலாம். ரிசீவரை பேட்டரியில் ஓட்டி, பக்கத்தில் போர்டை வைத்து, மின்சாரம் கொடுத்தும் எடுத்தும் ஒவ்வொரு பட்டையிலும் எஸ் மீட்டரைப் பாருங்கள். பிறகு போர்டைத் தகர டப்பாவுக்குள் வைத்து, வெளியே வரும் வயர்களை ஃபெரைட் வளையத்தில் நாலைந்து சுற்று சுற்றிவிட்டு மறுபடி பாருங்கள். மொத்தமாக வாங்கும் முன் சீனியர்களிடம் ஒவ்வொரு ரகத்திலும் ஒன்றைக் கடன் வாங்கி இதைச் செய்தால், எந்த விவரத்தாளிலும் இல்லாத தகவல் கையில் இருக்கும்.

தொல்லை எதிர்த்திசையிலும் வரும். 2015இல் ராஸ்பெரி பை 2ஐ செனான் ஃபிளாஷ் போட்டுப் படமெடுத்தவர்கள், போர்டு பொசுக்கென்று அணைந்துபோவதைக் கண்டார்கள். மூடியில்லாத ஒரு சிப்பில் வெளிச்சம் பட்டதுதான் காரணம். வெளிச்சத்துக்கே கூச்சப்படும் ஜாதி இது, ஒரு முழம் தள்ளி 5 வாட் அனுப்பினால் என்ன ஆகும்? கீயர் டா போட்டபடி ஒட்டிக்கொள்ளும், திரையில் கிறுக்கல் வரும். பேடில் வயர்களுக்கு ஆளுக்கொரு சின்ன கெப்பாசிட்டர் வையுங்கள். ரேடியோவின் பி.டி.டி. வயரை நேரே போர்டில் இணைக்காமல் நடுவே பிசி817 ஆப்டோகப்ளர் ஒன்றைப் போடுங்கள், சில ரூபாய்தான். பை, பிக்கோ, ஈஎஸ்பி32 மூன்றும் 3.3 வோல்ட் போர்டுகள். பழைய 5 வோல்ட் மாட்யூலின் வெளியீட்டை நேராகச் சொருகினால் பின் போகும், சில சமயம் போர்டே போகும்.

ஆகவே உங்கள் பட்டியலை நான் எழுதினால் இப்படித்தான் எழுதுவேன்: நானோ ஆளுக்கொன்று, சிஎச்340 சிப் வைத்த நகல்களே போதும். பிக்கோ இரண்டு பேருக்கு ஒன்று. ஈஎஸ்பி32 மாடி வேலைக்காக இரண்டோ மூன்றோ. பை ஜீரோ 2 டபிள்யூ ஒன்று சாட்நாக்ஸுக்கு, பை 4 ஒன்று கிளப் மேசைக்கு. பை 5 இப்போதைக்கு இல்லை.

மிஞ்சும் பணத்தில் டிசிஎக்ஸ்ஓ, ஜி.பி.எஸ்., டொராய்டு வளையங்கள், நல்ல கெப்பாசிட்டர்கள் வாங்குங்கள். கடைசி இரண்டும் லோ பாஸ் ஃபில்டர் சுற்றுவதற்கு. எஸ்ஐ5351 ஆனாலும் சரி, பையின் பின்னிலிருந்து நேராக விஸ்பர் அனுப்பும் நிரலானாலும் சரி, வெளியே வருவது சதுர அலை. அதன் மூன்றாம் மடங்கு அடிப்படையைவிட ஒன்பதரை டெசிபல்தான் கீழே இருக்கும். 7 மெகாஹெர்ட்ஸில் நீங்கள் அனுப்பும்போது 21 மெகாஹெர்ட்ஸில் இன்னொரு ஹாமின் காதிலும் விழுந்துகொண்டிருப்பீர்கள், அழைப்புக் குறியோடு. போர்டு வந்த அன்றே ஆன்டெனாவில் மாட்டிப் பார்க்கத் துடிப்பீர்கள் என்று தெரியும். ஃபில்டர் சுற்றி முடிக்கும்வரை 50 ஓம் டம்மி லோடில் விட்டுப் பாருங்கள். சுற்ற வராதவர்கள் ஞாயிற்றுக்கிழமை டொராய்டும் எனாமல் வயரும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள், மத்தியானம் மூன்று மணிக்கு மேல்.

73,
உங்கள் பழைய ஹாம் ஒருவர்